உஷ் அக்கா எழுதிய மன்னிப்புக் கடிதம்

உஷ் அக்கா என்று சொன்னால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு பேருக்குத் தெரிந்தால் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, கீழ்வீட்டுக்காரர்கள் இருவர் மாடிப்படியில் நின்றுகொண்டு தண்ணீர்த் தொட்டியைப் பற்றி முழுத் தொண்டையில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து, ஒரே ஒரு தடவை "உஷ்" என்றாள். அவர்கள் வாயை மூடவில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அது பிரியத்தில் வைத்த பெயர் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அப்படிக் கூப்பிடும்போதே அவர்கள் முகத்தில் ஓர் இளிப்பு வந்துவிடும்.

வயது நாற்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு, விறுவிறு நடை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில், காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்லும் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே அறை.

அறை என்பதைவிட, அறைக்குள் இன்னொரு அறை என்று சொல்ல வேண்டும். உள்ளறைக்குப் பஞ்சு அடைத்த சுவர், இரண்டு கையாலும் இழுத்தால்தான் அசையும் கனத்த கதவு, நடுவில் தடித்த கண்ணாடி. நோயாளி உள்ளே உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். கையில் ஒரு பொத்தான் இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் கருவியைத் திருகித் திருகி ஒவ்வொரு ஓசையாக அனுப்புவாள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஓசையைக் குறைத்துக்கொண்டே போவாள். கடைசியில் அது இருக்கிறதா, தன் மனசு கற்பனை செய்கிறதா என்று உள்ளே இருப்பவருக்கே சந்தேகம் வந்துவிடும். அந்த இடத்தில்தான் காதின் எல்லை இருக்கிறது. அந்த இடத்தில்தான் வெளியே யாராவது தொண்டையைக் கனைப்பார்கள்.

அந்த வேலைக்கு இரண்டு சாமான் வேண்டும். ஒன்று கருவி, இன்னொன்று நிசப்தம். கருவியை ஆஸ்பத்திரி வாங்கிக் கொடுத்துவிட்டது. நிசப்தத்தை மட்டும் அவள் தினமும் சண்டை போட்டு வாங்க வேண்டியிருந்தது.

அந்தச் சண்டை வீட்டிலேயே தொடங்கிவிடும். மேல்வீட்டில் ஒருவர் உடம்பைக் குறைப்பதற்கு ஓடும் இயந்திரம் வாங்கியிருந்தார். அது ஐந்தரை மணிக்கு உஷ் அக்காவின் தலைக்கு நேர் மேலே ஓட ஆரம்பிக்கும். கீழே இறங்கினால், லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர் வெளியே வருவதற்குள் வெளியே நிற்பவர் உள்ளே நுழைந்துவிடுவார். லிஃப்ட் என்ன, ஆளை விட்டுவிட்டு ஓடிப்போகிற கழுதையா? நடைபாதையில் நடக்கலாம் என்றால் அதில் வண்டி வருகிறது. அதுவும் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு, நடப்பவரைக் குற்றவாளி போலப் பார்த்துக்கொண்டு வருகிறது.

பஸ் கதை தனி. ஒரு காலத்தில் மனிதர்கள் போனைக் காதில் வைத்துப் பேசினார்கள். இப்போது முகத்துக்கு முன்னால் கண்ணாடி பார்ப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார்கள். முன் சீட்டுக்காரரின் மச்சான் யாரிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போனான் என்பது பஸ்ஸில் இருக்கும் நாற்பது பேருக்கும் தெரிந்தாக வேண்டும். மச்சான் செய்தது சரியில்லை என்று உஷ் அக்காவுக்கே ஒரு நாள் அபிப்பிராயம் உண்டாகிவிட்டது. அதை நினைத்து அன்றைக்கு முழுக்க அவளுக்கு எரிச்சல்.

இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் சிரிப்பார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர், சாது. "ஊரு அப்படித்தான் இருக்கும். நீ ஏன் ரத்தக்கொதிப்பை ஏத்திக்கிறே?" என்பார்.

"ஊர்னா யாருங்க? நாமதானே?" என்பாள் அவள். அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் ஒரு மாற்றம் செய்தார்கள். முன்கூடத்தில் காப்பி இயந்திரமும் சுவர் அகலத்துக்கு ஒரு டிவியும் வைப்பதற்காக, அங்கே இருந்த காத்திருப்பு நாற்காலிகளை எடுத்து உள் வராந்தாவில் போட்டார்கள். அதுவும் உஷ் அக்காவின் அறை வாசலை ஒட்டியே போட்டார்கள். இருபத்து நான்கு நாற்காலி. யாருக்கு இந்த யோசனை வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. காது சோதிக்கும் அறை வாசலில் கூட்டத்தை உட்காரவைக்கிறோமே என்று அந்த மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

அதே சமயத்தில் உள்ளறைக் கதவின் ரப்பர் பட்டை ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. கதவைச் சாத்தினாலும் அந்த இடுக்கு வழியாகச் சத்தம் உள்ளே போயிற்று. அவள் புதுப் பட்டை கேட்டு எழுதினாள். வேறு படிவத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வாங்கினாள். பழைய படிவம் காலாவதியாகிவிட்டது, புதுசு வந்திருக்கிறது என்றார்கள். ஒரு முழ ரப்பர். வீட்டு ஜன்னலுக்கு என்றால் கடையில் ஐந்து நிமிஷத்தில் வாங்கி ஒட்டியிருப்பாள்.

வாசலில் 'அமைதி காக்கவும்' என்று அட்டை எழுதி மாட்டினாள். ஒருவர் அதன்மேல் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருந்தார். இன்னொருவர் அதன் கீழே நின்றுகொண்டே தன் வீட்டு அடைப்புக் குழாயைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். அவள் வெளியே வந்து கேட்டால், "சரிம்மா, சரிம்மா" என்பார்கள். கதவு மூடியதும் பழையபடி தொடங்கும்.

முதல் சில வாரங்கள் அவள் ஒவ்வொரு சோதனைத் தாளின் அடியிலும் 'வெளியோசை இருந்தது, முடிவு திருத்தத்துக்கு உட்பட்டது' என்று குறிப்பு எழுதிவந்தாள். நிர்வாக அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், இந்தக் குறிப்பைப் பாத்துட்டு, சான்றிதழுக்கு ஆளனுப்புற வெளி கம்பெனிக்காரங்க தாளைத் திருப்பி அனுப்புறாங்க. நமக்குத்தான் கெட்ட பேரு. தேவையில்லாம எதுக்கு?" அவள் வாதாடிப் பார்த்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். தினமும் முப்பது இடத்தில் சண்டை போடுகிறவளுக்கு முப்பத்தொன்றாவது சண்டைக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் கையெழுத்துப் போட்ட தாள்களில் எந்தக் குறிப்பும் இல்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு புதன்கிழமை காலை ரயில் ஓட்டுநர் வந்து சேர்ந்தார்.

ஐம்பதை ஒட்டிய வயது. மடிப்புக் கலையாத சட்டை. கையில் ஒரு மஞ்சள் கோப்பு. உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார்.

"என்னை ஞாபகம் இருக்கா மேடம்? நாலு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தேன்."

அவளுக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ காது பார்த்தாயிற்று.

"நீங்கதான் டெஸ்ட் பண்ணீங்க. ரெண்டு காதும் சரியில்லைன்னு வந்துச்சு. என்ஜின்லேர்ந்து இறக்கிட்டாங்க. இப்போ ஷெட்ல வேலை. அப்பீல் போட்டிருக்கேன், அதுக்கு இன்னொரு டெஸ்ட் கேக்குறாங்க." கோப்பைத் திறந்து பழைய தாளை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தாள். கீச்சென்ற மேல் ஸ்தாயி ஓசைகள் எல்லாம் நன்றாக இருந்தன. கனத்த, தாழ்ந்த ஸ்தாயி ஓசைகளில் மட்டும் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. பேச்சுச் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம், டிவி இரைச்சல் எல்லாம் இடுக்கு வழியாக உள்ளே போய் மறைப்பது அந்தத் தாழ்ந்த ஓசைகளைத்தான். முதல் வருஷம் படிக்கிற மாணவிக்குக்கூடத் தெரியும். அடியில் அவள் கையெழுத்து இருந்தது. குறிப்பு எதுவும் இல்லை.

"அன்னிக்கு வெளியில யாரோ சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க மேடம்" என்றார் ஓட்டுநர். "நான் சொன்னேன். நீங்க, கவனமா கேளுங்கன்னு சொன்னீங்க."

அவள் "உள்ளே உக்காருங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

சோதனை தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. வாசலில் ஒரு குரல் கிளம்பியது. தடித்த, திருப்தியான குரல். கூடவே இன்னொரு குரல், போன் ஸ்பீக்கரிலிருந்து. குளியலறைக்கு என்ன நிறத்தில் ஓடு பதிப்பது என்பது விஷயம்.

அவள் வெளியே வந்தாள். பெரிய தங்கநிறக் கடிகாரம் கட்டிய ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அப்பா, பாவம், தலையைக் குனிந்துகொண்டு.

"சார், உள்ளே காது டெஸ்ட் நடக்குது. ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டுப் பேசுங்களேன்."

கடிகாரக்காரர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்வதுபோல ஆட்டினார். அவள் உள்ளே போய் உட்கார்ந்து ஒரே ஒரு ஓசையை அனுப்பினாள். வெளியே, "சாம்பல் கலர் வேணாம்பா, செத்த வீடு மாதிரி இருக்கும்" என்று கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓட்டுநரின் கட்டைவிரல் பொத்தான்மேல் அந்தரத்தில் நின்றது. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொலைந்த சாமானை இருட்டில் துழாவுகிறவரைப்போல அவர் அந்த ஓசையைத் தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தடவை வெளியே வந்தாள். "சார், ஒருத்தரோட வேலை இதுல இருக்கு."

"முக்கியமான கால்மா. ரெண்டே நிமிஷம்."

ஆறு நிமிஷம் காத்திருந்துவிட்டு மூன்றாம் தடவை வந்தாள். இந்தத் தடவை அவர் போனைக் கொஞ்சம் தாழ்த்தி, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "காது கேக்காதவங்களுக்குத்தானேம்மா டெஸ்ட்டு? நான் பேசினா அவங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு?"

நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குத் தலைக்கேறியது. இருபத்து நான்கு நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தவர்கள் காதுக்காக வந்தவர்கள், காது கெட்டுப்போனவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். அவர்களே சிரித்தார்கள். அவள் கையை நீட்டி அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து போனைச் சட்டென்று எடுத்தாள். உள்ளே போனாள். ஓட்டுநரை வெளியே வரச் சொன்னாள். போனை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்து, கனத்த கதவை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினாள்.

பின்னாலேயே ஓடிவந்து நின்ற கடிகாரக்காரரிடம், "உள்ளே வெச்சிருக்கேன் சார். அங்கே எவ்வளவு சத்தமா வேணும்னாலும் பேசலாம், வெளியில கேக்கக் கூடாதுன்னுதான் கட்டியிருக்காங்க. பேசி முடிச்சதும் எடுத்துக்குங்க" என்றாள்.

எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். வராந்தாவில் முதல் தடவையாக ஓர் அமைதி. அந்த அமைதியில், கிழிந்த ரப்பர் இடுக்கு வழியாக போனில் இருந்த, ஓடு விற்கும் கடைக்காரரின் குரல் சன்னமாக, ஆனால் தெளிவாக வந்தது: "ஹலோ... ஹலோ... அப்ப நீலமே போட்டுடலாமா சார்?"

இந்தத் தடவையும் சிரித்தார்கள். உஷ் அக்கா சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து போனின் குரலே இப்படி வெளியே வருகிறது என்றால், எட்டு மாதமாக வெளியேயிருந்து என்னென்ன உள்ளே போயிருக்கும் என்று நினைத்தாள்.

மத்தியானமே நிர்வாக அதிகாரி கூப்பிட்டனுப்பினார். கடிகாரக்காரர் வேறு யாரும் இல்லை, ஆஸ்பத்திரி இயக்குநரின் சம்பந்தி.

"மேடம், கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கு. நீங்க அவர் கையிலேர்ந்து பிடுங்கியிருக்கீங்க" என்றார் அதிகாரி. பேசும்போதே தன் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் அது டக், டக் என்றது.

"அவர் என்ன பேசினாருன்னு கேமராவுல பதிவாயிருக்கா?"

"அதுல சத்தம் பதிவாகாது மேடம்."

"அதுக்கு மட்டும் கேக்காது" என்றாள் அவள்.

அதிகாரிக்குப் புரியவில்லை. "ஒரே ஒரு வரி. 'நடந்ததுக்கு வருந்துகிறேன்'னு எழுதிக் குடுத்துடுங்க, விஷயம் முடிஞ்சுது. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள. இல்லேன்னா உங்களைப் பதிவேட்டு அறைக்கு மாத்தச் சொல்லி மேலேர்ந்து வந்திருக்கு. எனக்கும் தர்மசங்கடம்."

"நான் மூணு தடவை சொல்லிட்டுத்தான் எடுத்தேன்."

"நீங்க சொன்னது சரியாவே இருக்கட்டும். ஆனா சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல?"

உஷ் அக்காவுக்கு இந்த உலகத்திலேயே பிடிக்காத வாக்கியம் அதுதான். சத்தம் போடுகிறவனுக்கு விதம் கிடையாது. வரிசையில் முந்துகிறவனுக்கு விதம் கிடையாது. நடைபாதையில் வண்டி ஓட்டுகிறவனுக்குக் கிடையாது. போதும் என்று சொல்கிறவளுக்கு மட்டும் விதம் வேண்டும், பணிவு வேண்டும், முகத்தில் புன்னகை வேண்டும், முடிந்தால் மன்னிப்பும் வேண்டும். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். காய்கறி நறுக்கிக்கொண்டே சொன்னாள், கத்தி பலகையில் விழுந்த வேகத்தைப் பார்த்து அவர் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"ஒரு வரிதானே, எழுதிட்டுப் போயேன். அந்த ஆளுக்காக உன் வேலையை ஏன் கெடுத்துக்கிறே?" என்றார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "ஆமா, அந்த ரயில்காரர் என்ன ஆனாரு?" என்று கேட்டார்.

கத்தி நின்றது.

"இன்னொரு நாள் வரச் சொன்னேன்."

"அவருக்கு நிஜமாவே காது சரியில்லையா?"

"தெரியலை. அன்னிக்கு வெளியில சத்தம். நான் டெஸ்ட்டே எடுத்திருக்கக் கூடாது. எடுத்தாலும் கீழே குறிப்பு எழுதியிருக்கணும். எழுதவேண்டாம்னு சொன்னாங்க, விட்டுட்டேன்."

"அவருக்கு மட்டும்தானா?"

"இல்லை. எட்டு மாசமா."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஊரில் இருப்பவர்கள்மேல் கோபப்பட்டுத்தான் பார்த்திருக்கிறார். அவள் தன்மேல் தப்பு சொல்லிப் பார்த்ததில்லை. மெதுவாகச் சொன்னார்: "அப்ப அந்த நாற்காலியை மாத்தின அஞ்சு பேரோட ஆறாவது கையெழுத்து உன்னோடது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். சாதுவான மனிதர், குத்திக்காட்டத் தெரியாதவர் சொன்னது. அதனால் நேராக உள்ளே இறங்கிவிட்டது. அவள் மீதிக் காயை நறுக்காமலே கையைக் கழுவிக்கொண்டு போனாள். ஓட்டுநரின் எண்ணைத் தேடி எடுத்து, "நாளைக்குக் காலையில ஆறே முக்காலுக்கு வர முடியுமா சார்? அப்ப அங்க யாரும் இருக்கமாட்டாங்க" என்று கேட்டாள்.

ஆறரைக்கே அவர் வாசலில் நின்றார். அவள் முன்கூடத்துக்குப் போய் காப்பி இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். டிவியின் பிளக்கையும் பிடுங்கினாள். வராந்தா மின்விசிறியை நிறுத்தினாள். தன் பழைய பருத்திப் புடவையைச் சுருட்டி உள்ளறைக் கதவின் கிழிந்த இடுக்கில் அடைத்தாள். அப்புறம் ஓசை அளக்கும் கருவியை நாற்காலியில் வைத்துப் பார்த்தாள். முள் கீழே இறங்கி, விதிப்படி இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. எட்டு மாதத்தில் அந்த இடத்தை அது தொட்டதே இல்லை.

ஓட்டுநர் உட்கார்ந்தார். அவள் ஓசையை அனுப்பினாள். பொத்தான் விளக்கு எரிந்தது. குறைத்தாள். எரிந்தது. இன்னும் குறைத்தாள். எரிந்தது. தாழ்ந்த ஓசைகள் ஒவ்வொன்றாக, இடது காது, வலது காது. இருபது நிமிஷத்தில் தாளில் கோடு நேராகப் படுத்துக்கிடந்தது. வயசுக்கு மிக நல்ல காது.

வெளியே வந்தவரிடம் தாளைக் காட்டினாள். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"நாலு மாசமா ஷெட்ல என்ஜின் கழுவிக்கிட்டிருக்கேன் மேடம்" என்றார். "கழுவுறது ஒண்ணும் கேவலமில்லை. ஆனா கூட இருக்கிறவங்க எல்லாம் எங்கிட்டக் கத்திக் கத்திப் பேசுறாங்க. எனக்குக் காது கேக்கும்யான்னு சொன்னா நம்பலை. வீட்டுலயும் கத்துறாங்க. கடைசியில நானே நம்பலை. என் சம்சாரம் மெதுவா பேசினா, இவ பேசினாளா இல்லை நான் நினைச்சுக்கிட்டேனான்னு சந்தேகம். அது எப்படி இருக்கும் தெரியுமா உங்களுக்கு?"

"தப்பு என்னோடது சார்" என்றாள்.

"உங்களோடதுன்னு சொல்லிட்டா நாலு மாசம் திரும்பி வந்துடுமா?" என்று கேட்டுவிட்டு, தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் மன்னிப்புக் கடிதத்தைக் கொடுத்தாள். நிர்வாக அதிகாரி ஒரு வரி கேட்டிருந்தார். அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அதில் இப்படி இருந்தது:

'புதன்கிழமை ஒருவருடைய கைபேசியை அவர் கையிலிருந்து எடுத்தேன். அதற்காக நான் வருந்தவில்லை. முதல் தடவை சொன்னபோதே எடுத்திருக்க வேண்டும். நான் மன்னிப்புக் கேட்பது வேறு விஷயத்துக்கு. காத்திருப்போர் நாற்காலிகள் என் அறை வாசலுக்கு மாற்றப்பட்ட நாளிலிருந்து இந்த அறையில் விதிப்படி இருக்க வேண்டிய நிசப்தம் ஒரு நாளும் இருந்ததில்லை. அது தெரிந்தும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைச் சோதித்தேன். முதல் சில வாரங்களுக்குப் பிறகு, குறிப்பு எழுத வேண்டாம் என்று சொல்லப்பட்டதும், எழுதாமலே கையெழுத்திட்டேன். கதவின் கிழிந்த ரப்பருக்கு ஆறு முறை விண்ணப்பித்தேன், நகல்கள் இணைப்பில். அவர்களில் எத்தனை பேருக்கு நான் தவறான முடிவு கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்குக் கொடுத்தது உறுதியாகத் தெரியும். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். எல்லோரையும் திரும்ப அழைத்துச் சோதிக்க வேண்டும். அதுவரை என் கையெழுத்துள்ள அந்தத் தாள்களை யாரும் நம்ப வேண்டாம்.'

ஒரு நகலைக் காது டாக்டருக்கும் இன்னொரு நகலை இயக்குநருக்கும் அனுப்பியிருந்தாள்.

அதிகாரி படித்தார். போனைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "என்ன மேடம் இது? இதை எப்படி நான் கோப்புல வைக்க முடியும்?"

"நீங்க கேட்ட மன்னிப்புதான் சார்."

"நான் கேட்டது இது இல்லையே."

"எனக்கு இருக்கிறது இதுதான்" என்றாள்.

மறுநாள் அவளைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியிலேயே மிக அமைதியான இடம் அது. தரைத்தளத்தின் மூலையில், கூரை வரைக்கும் கட்டுக் கட்டாகக் காகிதம். அங்கே யாரும் போனில் பேசுவதில்லை, யாரும் வருவதே இல்லை. பதினெட்டு நாள் அங்கே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாகச் சண்டை போட்டு வாங்கிய நிசப்தத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார்கள், ஒரு காதுக்கும் பயன்படாத இடத்தில் வைத்து. அந்த அறையில் அவளுக்கு வந்த கோபம் பஸ்ஸிலும் லிஃப்டிலும் வந்ததைவிடப் பெரிசு.

ஆனால் கடிதம் கைக்குக் கை போய்விட்டது. காது டாக்டர் எப்போதும் அவசரத்தில் இருப்பவர், ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாருக்கும் நேரம் ஒதுக்காதவர். அவர் அந்த இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, அந்த அறைத் தாளில் இனிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டார். டாக்டர் கையெழுத்து இல்லாமல் சான்றிதழ் இல்லை. சான்றிதழுக்கு ஆளனுப்பும் கம்பெனிகள் கேள்வி கேட்க ஆரம்பித்தன. ரயில் அலுவலகத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது.

பத்தொன்பதாம் நாள் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நாற்காலிகள் வராந்தாவின் மறுகோடிக்குப் போயிருந்தன. எட்டு மாதம் ஆறு படிவத்துக்கு அசையாத ரப்பர் பட்டை ஒரே மத்தியானத்தில் வந்து ஒட்டப்பட்டிருந்தது. இதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறு எரிந்தது. இவ்வளவு சுலபமாக முடிகிற வேலையா இது?

டிவி அங்கேயேதான் இருந்தது. கடிகாரக்காரர் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஓடு பதித்திருப்பார், நீலமோ சாம்பலோ. நிர்வாக அதிகாரி அவளைப் பார்த்தால் வணக்கம் சொன்னார், முன்பைவிடக் கொஞ்சம் தள்ளி நின்று. ரயில் ஓட்டுநரை என்ஜினுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டதாக டாக்டர் மூலம் தகவல் வந்தது. அவர் நேரில் வரவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொல்லும் வேலையை வரவேற்பு மேஜைக்காரர்களிடம் கொடுக்கலாம் என்று அதிகாரி சொன்னபோது, வேண்டாம், நானே பேசுகிறேன் என்றாள். தினமும் சோதனைகள் தொடங்கும் முன்னால் பத்துப் பேர். சிலர் எண்ணை மாற்றியிருந்தார்கள். சிலர், "பரவாயில்லைங்க, எங்களுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டார்கள். வந்தவர்களில் இதுவரை முப்பத்தேழு பேருக்கு முடிவு மாறியிருந்தது.

நூற்று நாற்பதாவது எண் ஒரு தையற்காரம்மாவுடையது. வீட்டிலேயே மெஷின் வைத்துத் தைக்கிறவர். உஷ் அக்கா யாரென்று சொல்லி, விஷயத்தை விளக்கி, "தப்பு எங்க பக்கம்தான், மன்னிக்கணும்" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு விநாடி மெஷின் ஓடிய சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

"அஞ்சு மாசமா காது கேக்குற மெஷினை மாட்டிக்கிட்டிருக்கேன்" என்றார் தையற்காரம்மா. "நீங்க எழுதிக் குடுத்த தாளைப் பாத்துத்தான் மாட்டிவிட்டாங்க. அன்னிலேர்ந்து தலைவலி. தையல் மெஷின் ஓடினா லாரி ஓடுற மாதிரி இருக்கு. எம் பொண்ணு தட்டை வெச்சா இடி விழுற மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணை எத்தனை தடவை திட்டியிருக்கேன், ஏண்டி இப்படிச் சத்தம் போடுறேன்னு. அது மெதுவாத்தான் வெச்சிருக்கு. இப்ப போன் பண்ணி மன்னிக்கணும்ங்கிறீங்க. உங்களுக்கெல்லாம் என்ன வேலைம்மா அங்க? ஒரு காதை ஒழுங்காப் பாக்கத் தெரியாதா? வெளியில சத்தம்னா எழுந்து போய் வாயை மூடச் சொல்ல வேண்டியதுதானே?"

சொன்னேன் என்று சொல்லலாம். முப்பது தடவை சொன்னேன், யாரும் கேட்கவில்லை என்று சொல்லலாம். உஷ் அக்காவின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவள் சொல்லவில்லை. போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடிக்காமல், கண்ணை மூடாமல், ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். ஏழு நிமிஷம். தையற்காரம்மா மூச்சு வாங்க நிறுத்தினார்.

"சரி, எப்ப வரணும்?"

"காலையில ஏழு மணிக்கு வர முடியுமாம்மா?"

"ஏழு மணிக்கு எப்படி முடியும்? பொண்ணை அனுப்பிட்டுத்தான் கிளம்பணும். எட்டரை ஆகும்."

"எட்டரைக்கு வாங்க. நான் இருக்கேன்" என்றாள். குறிப்பேட்டில் எட்டரை என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணை எடுத்தாள்.